பரிசீலனையில் இருந்த தலை

அரசு அலுவலகத்தில் ஆயுசைக் கழித்தவனிடம் வேறொருவர் எழுதிய பதிலை நம்பிக் கொடுக்கக் கூடாது. அவன் அதைத் திருத்துவான். திருத்திய பிறகு அதில் முறை இருக்கும், மரியாதை இருக்கும், கீழே கையெழுத்துப் போட இடம் இருக்கும். பதில் மட்டும் இருக்காது.

நான் அப்படிப்பட்டவன். வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றேன். எந்த ஊர் அலுவலகம் என்பது வேண்டாம். (அங்கே என் நாற்காலியில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எதற்கு வம்பு?) 2010-இல், வீட்டில் திருத்துவதற்கு ஒன்றும் கிடைக்காமல், செய்தித்தாளில் வரும் இரங்கல் விளம்பரங்களைச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து கடலூர் முதுநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு தலை வந்தது.

என் ஒரே மகள் ஆனந்தி அப்போது சிதம்பரம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருஷம் படித்தாள். அவளுடைய புராஜெக்ட், பேசும் ரோபோ தலை. ஜவுளிக்கடையில் கழித்துப் போட்ட பொம்மையின் தலையை வாங்கி வந்து, தாடையை அறுத்துக் கீல் வைத்து, உள்ளே சின்ன மோட்டார்களைப் பொருத்தினாள். அவற்றை ஆட்டிவைப்பது உள்ளங்கை அளவுள்ள ஒரு பச்சைப் பலகை; மைக்ரோ கன்ட்ரோலர் என்றாள். மூளை மட்டும் தலைக்கு வெளியே, லேப்டாப்பில் இருந்தது. (எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் துறையில் பல பேருக்கு அப்படித்தான்.) அதற்குள் சாட்பாட் என்றொரு புரோகிராம். கேள்வியைத் தட்டினால் அதிலுள்ள முக்கியமான சொல்லைப் பிடித்து, அந்தச் சொல்லின் பெயரில் இருக்கும் ஒலிப்பதிவைத் தேடி எடுத்துப் பேசும். கூடவே தாடை அசையும், கண் உருளும். தேடியது கிடைக்காவிட்டால், ‘இதர’ என்ற ஃபோல்டரில் இருப்பதில் ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கும்.

என் மனைவி வசந்தா அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவைத்தாள். “இன்னாங்க இது, சமையக்கட்டுல நிக்கறப்பல்லாம் என்னையே மொறைக்குது” என்றாள்.

விளையாட்டுப் போலத் தோன்றினாலும் விஷயம் விளையாட்டு இல்லை. சென்னையில் ஒரு கம்பெனி ஆனந்திக்கு வேலை கொடுத்திருந்தது. கல்லூரியில் இந்தப் புராஜெக்டுக்கான வாய்மொழித் தேர்வில் தேறிவிட்டு வந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். தவறினால் அடுத்த செமஸ்டர் வரை காத்திருக்க வேண்டும், கம்பெனி காத்திருக்காது. எனக்கோ அவள் அரசுத் தேர்வு எழுத வேண்டும் என்று ஆசை. அதை ஒரு முறை சொல்லியிருந்தால் பரவாயில்லை. தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறிவந்தேன். ஆகவே அவளுடைய வேலைக்கு என் கையால் ஏதாவது கேடு வந்தால், அது தற்செயல் என்று வசந்தாகூட நம்பமாட்டாள்.

தலைக்குக் குரல் கொடுக்கச் சொல்லி ஆனந்தி என்னைத்தான் கேட்டாள். சிதம்பரத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு வழிகாட்டும் தலை அது. கேள்விகளையும் பதில்களையும் அவளே எழுதியிருந்தாள். படித்துப் பார்த்தேன். பகீரென்றது. கோயில் எப்போது திறக்கும் என்று கேட்டால், ஆறு மணிக்கு என்று எழுதியிருக்கிறாள். ஒருநாள் தாமதமாகத் திறந்தால் யார் பொறுப்பு? கடைசியில் பதில் தெரியாத கேள்விகளுக்கு, ‘மன்னிக்கவும், எனக்குத் தெரியாது’ என்று போட்டிருந்தாள். என் சர்வீஸில் அந்த வாக்கியத்தை நான் உச்சரித்தது கிடையாது. அவள் கல்லூரிக்குப் போயிருந்தபோது எல்லாவற்றையும் முறைப்படி திருத்தி, நிறுத்தி நிதானமாகப் பதிவு செய்து வைத்தேன். ‘இதர’ ஃபோல்டருக்கு மட்டும் பத்துப் பன்னிரண்டு பதில்கள் தேறின. அவை எனக்கு மனப்பாடம். அவளுக்கிருந்த வேலையில், ஒன்றிரண்டை ஓடவிட்டுப் பார்த்து, தாடை சரியாக அசைகிறதா என்று மட்டும் கவனித்தாள்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். தேர்வுக்கு முதல் நாள் அவள் ரிப்போர்ட்டை பைண்டிங் செய்யக் கடைக்குப் போனாள். லேப்டாப் திறந்தே இருந்தது. கோப்புகளுக்குக் கோயில், ரயில், பஸ் என்று பெயர் வைத்திருந்தாள். எந்த அலுவலகத்தில் கோப்புக்குப் பெயர் வைப்பார்கள்? எண்தான் வைப்பார்கள். உட்கார்ந்து, அ1, ஆ2 என்று பிரிவு வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தேன். ‘இதர’ மட்டும் பாக்கி. சில்லறை இனங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மனசு நிறைந்து போய், லேப்டாப்பைத் துடைத்தும் வைத்தேன்.

மறுநாள் காலை சிதம்பரம் பஸ்ஸில் தலை என் மடியில் இருந்தது, துண்டு சுற்றியபடி. கண்டக்டர் துண்டின் ஓரத்தில் தெரிந்த மூக்கைப் பார்த்துவிட்டு, இவருக்கும் டிக்கெட்டா என்று கேட்டார். செம்மங்குப்பத்தில் தொழிற்சாலைகளின் ரசாயன வாசனை வந்தபோது பஸ்ஸே மூக்கைப் பொத்தியது. நான் மட்டும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனந்தி பக்கத்தில் உதடு அசைய எதையோ மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள்.

தேர்வு நடந்த லேபின் வாசலோடு நான் நின்றுகொண்டேன். வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்பது விதி. பொதுத்தேர்வுப் பறக்கும் படையில் போனபோது, ஜன்னலில் எட்டிப் பார்த்த ஒரு தகப்பனாரை நானே விரட்டியிருக்கிறேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஆனந்தி, அவளுடைய பேராசிரியர், வரிசையில் காத்திருக்கும் மற்ற மாணவர்கள், நடுவில் வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர். ஐம்பதைத் தாண்டியவர். சிரிக்கிற முகம் இல்லை.

அவரே லேப்டாப்பை இழுத்துவைத்துக்கொண்டு, கோயில் எப்போது திறக்கும் என்று தட்டினார். தலையின் கண் உருண்டது. தாடை இறங்கியது.

“தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆனந்தி திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தாள். அவர் கடலூர் ரயிலைப் பற்றிக் கேட்டார். உரிய பிரிவை அணுகும்படி தலை சொன்னது. உன் பெயர் என்ன என்று தட்டினார். தேவையான இணைப்புகள் இல்லாததால் திருப்பி அனுப்பப்படுகிறது என்றது.

என்ன நடக்கிறது என்று அந்த இடத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். புரோகிராம் பெயரைத் தேடுகிறது. நான் பெயரை எல்லாம் எடுத்துவிட்டேன். எந்தக் கேள்வி வந்தாலும் ‘இதர’தான். உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். போனால், வெளியாள் உதவினார் என்று தேர்வையே ரத்து செய்யலாம். அந்த விதியும் எனக்குத் தெரியும். போகாவிட்டால் அவள் வேலை போகும். என் வலது கால் நிலைப்படியைத் தாண்டும், விதி ஞாபகம் வரும், திரும்பி வரும். ஆனந்தி ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். பேட்டரியைத் தொட்டுப் பார்த்தாள். தப்பு அங்கேயெல்லாம் இல்லை, பெண்ணே, வாசலில் நிற்கிறது என்று கத்த வேண்டும் போல இருந்தது.

தேர்வாளர் இன்னொரு முறை தட்டினார். இம்முறை தலை, “அடுத்த வாரம் வந்து பாருங்கள்” என்றது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது யார் குரல்மா?”

அப்பாவுடையது என்றாள். என்ன வேலை பார்த்தார் என்றார். சொன்னாள். இப்போது எங்கே இருக்கிறார் என்றார். அவள் பதில் சொல்வதற்குள் லேபில் இருந்த அத்தனை பேரும் வாசலைப் பார்த்தார்கள்.

உள்ளே போய் நின்றேன். பொம்மைத் தலைக்குப் பக்கத்தில் என் தலை.

“என்னைத் தெரியுதா சார்?” என்றார் தேர்வாளர்.

“இல்லீங்களே.”

“தெரியாது. நிமுந்து பாத்திருந்தாதான தெரியும். எங்கப்பா தவறுனதுக்கு வாரிசு சர்டிபிகேட் கேட்டு உங்க டேபிளுக்கு நடையா நடந்தேன். உங்க மூஞ்சிய மறந்துட்டேன். குரல மறக்கல.”

உண்மைதான். மனுவோடு வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை. மனுவைப் பார்ப்பேன்.

“இப்பக் கேக்கறேன். எப்ப கெடைக்கும்?”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கடவுள் சாட்சி. ஆனால் அந்தக் கேள்விக்கு என் நாக்கு பல வருஷமாக ஒரே பதிலுக்குப் பழகியிருந்தது.

“அடுத்த வாரம் வந்து பாருங்க சார்.”

பேராசிரியர் தரையைப் பார்த்தார். ஆனந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

தேர்வாளர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஆனந்தி பக்கம் திரும்பினார். “மெஷின் நல்லாத்தான்மா வேலை செய்யுது. ஒரிஜினலுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியல. ஆனா நான் கோயில் நேரம் கேட்டேன். அது வரணும். பத்து நிமிஷம் தரேன். வரலைன்னா அடுத்த செமஸ்டர்.”

அவள் ஃபோல்டரைத் திறந்தாள். பார்த்தாள். வரிசையாக அ1, ஆ2. என்னைத் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. பிறகு, வீட்டில் உப்பு டப்பா எங்கே என்று கேட்பது போல, மெதுவாகக் கேட்டாள்:

“அப்பா, கோயில் எந்த நம்பர்?”

விதியின் ஞாபகம் வந்து தேர்வாளரைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. “சொல்லுங்க சார். மேலதிகாரி உத்தரவுன்னு வெச்சுக்குங்க” என்றார்.

“அ1, பதினேழு.”

“ரயில்?”

“ஆ2, மூணு.”

அவள் கேட்கக் கேட்க நான் சொன்னேன். யோசிக்கவில்லை, இழுக்கவில்லை, கோப்பைத் தேடுகிறேன் என்று சொல்லவில்லை. கேட்டவுடன் ஒருவருக்குப் பதில் சொன்னது என் வாழ்க்கையில் அன்றுதான். அவள் விரல்கள் பெயர்களைத் திரும்ப எழுதிக்கொண்டே போயின. கடைசிப் பெயரை எழுதியபோது தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரே மறுபடி கோயில் கேள்வியைத் தட்டினார். கண் உருண்டது. தாடை இறங்கி, ஒரு கணம் அப்படியே நின்றது.

“கோயில் காலையில் திறக்கப்படும். நேரம் மாறுதலுக்கு உட்பட்டது.”

“மணி சொல்லாதா?” என்றார் தேர்வாளர். நான் விளக்கம் அளிக்க முற்பட்டேன்.

“அப்பா, நீங்க வெளிய போங்க” என்றாள் ஆனந்தி.

தேறிவிட்டாள். கோளாறை எல்லோர் கண் முன்னாலும் பதறாமல் கண்டுபிடித்துச் சரிசெய்தாள் என்று தேர்வாளர் பேராசிரியரிடம் சொன்னாராம். அவர் வெளியே வந்தபோது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அந்த வாரிசுச் சான்றிதழ் கிடைத்ததா என்று கேட்டேன்.

“கெடைச்சுது. நீங்க ரிடையர் ஆனீங்க இல்ல, அதுக்கு அடுத்த வாரமே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும் பஸ்ஸில், பாதி வழியில், எதற்கு நம்பர் வைத்தீர்கள் என்று மட்டும் ஆனந்தி கேட்டாள். பெயர் வைத்தால் ஒரே பெயரில் இரண்டு கோப்பு வந்துவிடும் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். சிரிப்புதான்.

அவள் சென்னைக்குப் போனாள். தலை எங்கள் ஹாலில் தங்கிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், கூட வேலை பார்க்கும் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னாள். கிறிஸ்தவக் குடும்பம், நல்ல பையன். என்ன சொல்கிறீர்கள் என்றாள். எல்லா அம்சங்களையும் ஆராய வேண்டியிருக்கிறது என்று ஆரம்பித்தேன். அவள் என்னோடு வாதாடவில்லை. லேப்டாப்பை எடுத்துத் தலையோடு இணைத்து, அப்பா சம்மதிப்பாரா என்று தட்டினாள். அந்தக் கேள்விக்குப் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. கண் உருண்டது. என் குரல் சொன்னது:

“கோப்பு மேலிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது.”

சமையலறையிலிருந்து வசந்தாவின் குரல் வந்தது. “வந்து சேந்துச்சு. கையெழுத்துப் போட்டாச்சு.”

இன்றைக்கும் எங்கள் வீட்டில், மாப்பிள்ளை உட்பட, யாரும் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்பதில்லை. நேரே மேலிடத்துக்குப் போய்விடுகிறார்கள்.