ஓமேர் எந்தப் பக்கம்?

மனித குலம் பணக்காரர், ஏழை என்று பிரிந்திருப்பதாகப் பலரும் நம்பி ஏமாந்திருக்கிறார்கள். உண்மையில் அது அரசு ஆதரவாளர், எதிரணி ஆதரவாளர் என்றே பிரிந்திருக்கிறது. இந்தப் பேருண்மையை உலகுக்கு வழங்கியது பிரஸ்ஸல்ஸில் உள்ள எங்கள் கருத்துக்கணிப்பு நிறுவனம். முறை மிக எளிது. எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்போம். அந்தக் கட்சி ஆட்சியில் இருந்தால் நீங்கள் அரசு ஆதரவாளர். இல்லாவிட்டால் எதிரணி. உங்கள் சம்மதம் தேவையில்லை, அதுதான் 'விஞ்ஞானம்'.

இந்த விஞ்ஞானம் ஓமேரிடம் வந்து முட்டிக்கொண்டது.

ஓமேர் கென்ட் நகருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருப்பவர்; செங்கல் சூளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊதாக் கட்சிக்கு ஓட்டுப் போட்டிருந்தார். தேர்தலுக்குப் பிறகு கட்சிகள் ஒரு வருஷத்துக்கு மேல் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசின. எங்கள் நாட்டில் இதற்கெல்லாம் யாரும் பதறுவதில்லை. முடிவில் ஊதாக் கட்சி, ஓமேரின் ஊர் இருக்கும் பிளெமிய மாநிலத்தின் ஆட்சியில் சேர்ந்தது. தலைநகர் பிரஸ்ஸல்ஸில், மத்திய அரசுக்கு எதிரணியில் அமர்ந்தது. ஆக, ஓமேர் வீட்டில் காபி குடிக்கும்போது அரசு ஆதரவாளர். ரயிலேறிப் பிரஸ்ஸல்ஸில் இறங்கினால் எதிரணி.

இந்தக் கணிப்பை நடத்தச் சொன்னவர், கிராமத்து பஸ்கள் சிலவற்றை நிறுத்தியிருந்த மாநிலப் போக்குவரத்து அமைச்சர். “நம்ம ஆதரவாளர் ஒருத்தர் குறை சொன்னாக்கூட நிறுத்தின பஸ்ஸ மறுபடி விடுவேன். எதிரணி சொன்னா அது வெறும் அரசியல்” என்று டிவியில் முழங்கியிருந்தார்.

எங்கள் நிறுவனத்தில் கேள்வி கேட்கும் பெண்ணான லீவே, ஓமேரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“ஐயா, நீங்க அரசு ஆதரவாளரா, எதிரணியா?”

“நான் அலீடா ஆதரவாளர்மா.”

“அது எந்தக் கட்சி?”

“என் பொண்டாட்டி. பக்கத்து ஊர் முதியோர் இல்லத்துல இருக்கா. அங்க போற பஸ்ஸ நிறுத்திட்டாங்க. எனக்குக் கண்ணு மங்கல், கார் ஓட்டக் கூடாது. சைக்கிள்ல போனேன், வாய்க்கால்ல விழுந்தேன்.”

“'அலீடா ஆதரவாளர்'னு பிரிவே இல்லையே ஐயா.”

“ஆரம்பிங்க. என் ஓட்டு ஒண்ணாவது விழும். அவ எனக்குப் போட மாட்டா.”

அவசரக் கூட்டம் கூடியது. இயக்குநர் பாஸ்டியான் உருளைக்கிழங்கு வறுவலை மயோனைஸில் முக்கியபடி கேட்டார்: “அவர ரெண்டா வெட்டிட்டா என்ன?”

“குறுக்கயா, நெடுக்கயா?” என்றார் புள்ளியியலாளர், மிகுந்த பொறுப்புணர்வுடன்.

“குறுக்க. மேல்பாதி அரசு, கீழ்பாதி எதிரணி.”

“வாய் மேல்பாதில இருக்கே சார். குறை சொல்றது அதானே?”

லீவே பொறுமை இழந்தாள். “பஸ் விடுறது மாநில அரசு. அதுல ஊதாக் கட்சி இருக்கு. அவர் ஆதரவாளர்தான். எழுதுங்க, பஸ் வந்துடும்!”

“அரசு ஆதரவாளருக்கே அதிருப்தின்னு அறிக்கை சொல்லணுமா?” இயக்குநரின் வறுவல் நழுவி விழுந்தது. “அமைச்சர் அடுத்த கணிப்ப நமக்குத் தருவாரா?”

அப்போதுதான் எனக்குள் ஒளி பிறந்தது. எந்தப் பொறியையும் பிரித்துப் பார்த்தால் தேவையில்லாத ஓர் உதிரிப்பாகம் கிடைக்கும். எங்கள் பொறியில் அது ஓட்டு! எந்தக் கட்சி, எந்த ஆட்சி என்ற குழப்பமெல்லாம் அதனால்தான் வருகிறது. அதைக் கழற்றிவிட்டால் ஒரே கேள்வி போதும்: அரசின் மேல் திருப்தியா? ஆம் என்பவர் அரசு ஆதரவாளர். இல்லை என்பவர் எதிரணி.

“அப்ப பஸ் யாருக்குத்தான் வரும்?” என்றாள் லீவே. அவள் இன்னும் இளையவள். முறையின் அழகு பிடிபடவில்லை.

இயக்குநர் என்னைக் கட்டிக்கொண்டார். பொறி அன்றே ஓடத் தொடங்கியது. அரசு ஆதரவாளர்கள் அனைவரும் திருப்தியாக இருக்கிறார்கள் என்று அறிக்கை வந்தது. அமைச்சர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். பஸ் வேண்டும் என்று கேட்டால் எதிரணி. எதிரணி கேட்டால் பஸ் கிடையாது. ஓமேர் அலீடாவைப் பார்க்க நடந்து போகிறார்.