‘வேண்டாம்’ பொத்தான்

ரோதெல் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் பாச்சோய் நூடுல்ஸ் எடுத்து வாயில் வைப்பதற்குள் கணினித் திரையில் மூன்று விளம்பரங்கள் திறந்துவிட்டன. ஒன்று, பதினைந்தே நாளில் இடுப்பைக் குறைப்பதாகச் சொன்னது. இன்னொன்று, பத்து லட்சமாவது பார்வையாளர் அவன்தான் என்று வாழ்த்தியது. மூன்றாவதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

"மூடித் தொலைடா, மேடம் வர்றாங்க!" என்றாள் பக்கத்து மேஜை மாரிவிக்.

ஒன்றை மூடினான். இரண்டு திறந்தன.

எல்லாம் ஒரு பாட்டால் வந்த வினை. பிலிப்பைன்ஸின் இலோய்லோ துறைமுகத்துச் சரக்கு அலுவலகத்தில் ரோதெலுக்கு ஐந்து மாத ஒப்பந்தம். அது வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்றுதான் கிறிஸ்துமஸ் விருந்தும். மேலாளர் எர்லிண்டா மேடம் கரோக்கியில் பாட, ஒரு பழைய காதல் பாட்டின் இசை வேண்டுமென்றார். அதைத் தேடிக் கொடுத்தால் மேடம் மனம் குளிர்ந்து தன்னை நிரந்தரமாக்கிவிடுவார் என்று ரோதெல் நம்பினான். பாட்டை இறக்க, உலகமே கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு மென்பொருளை அலுவலகக் கணினியில் ஏற்றினான். பாட்டும் கிடைத்தது, இந்தப் பூதங்களும் கிளம்பின.

"ஏத்தும்போது கீழே சின்னச் சின்னக் கட்டமா வந்திருக்குமே, அதுல இருந்த டிக்கையெல்லாம் எடுத்தியா?"

"கட்டமா? நான் படிக்கவே இல்ல. என்டரை அமுக்கிக்கிட்டே போனேன்."

"விருந்துக்கு ஒருத்தனைக் கூப்பிட்டிருக்கே. அவன் தெருவையே கூட்டிட்டு வந்தா, சரி சரின்னு தலையாட்டியிருக்கே."

மென்பொருளை நீக்கினான். அது போயிற்று. கூட வந்தவர்கள் போகவில்லை.

ரோதெலுக்கு ஒரு வித்தை தெரியும். விசைப்பலகை தானாகவே தட்டிக்கொள்ளும்படி நிரல் எழுதுவான். ‘தங்கள் சரக்கு பத்திரமாக வந்து சேர்ந்தது’ என்ற வரியை இரண்டே எழுத்தில் முடிப்பவன். ஆகவே, திரையில் முன்னால் எந்தச் சன்னல் நின்றாலும் ஐந்து நொடிக்கு ஒருமுறை மூடும்படி ஒரு நிரல் எழுதினான். விளம்பரங்கள் ஓடின. பின்னாலேயே அவன் பாதி அடித்திருந்த கடிதமும் ஓடியது. மூடுவதற்கு வேறொன்றும் இல்லாமல் போனதும், ‘கணினியையே அணைக்கட்டுமா?’ என்று கேட்டது.

"நல்ல காவல்காரன்டா! திருடனும் இல்ல, வீடும் இல்ல," என்றாள் மாரிவிக்.

புதன்கிழமை காலையில் மாற்றி எழுதினான். தானாக முளைக்கும் சன்னலில் ‘வேண்டாம்’ என்ற பொத்தான் இருந்தால் அதை அமுக்கு, இல்லாவிட்டால் சன்னலை மூடு. அருமையாக வேலை செய்தது. அடித்து முடித்த கடிதங்களைச் சேமிக்கட்டுமா என்று கணினி கேட்டபோதும் ‘வேண்டாம்’ என்றே அமுக்கியது. பதினேழு கடிதங்கள் காற்றோடு போயின. தலையில் அடித்துக்கொண்டு, ‘கடிதங்களை மட்டும் விட்டுவிடு’ என்று ஒரு வரி சேர்த்தான். மதியத்துக்குள் நிம்மதி வந்தது.

ஒரு சாம்பல் நிறச் சன்னல் மட்டும் மானம் வெட்கம் இல்லாமல் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, அடி வாங்கிப் போனது.

"என்னடா அது மறுபடி மறுபடி மினுங்குது?"

"வரட்டும். அதுக்குச் சலிக்குதா, என் நிரலுக்குச் சலிக்குதான்னு பாத்துடலாம்."

வியாழக்கிழமை எர்லிண்டா மேடம் அவன் மேஜை அருகே வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"ரோதெல், கம்ப்யூட்டர்ல நீ குடுக்கற பதில்... யோசிச்சுத்தான் குடுக்கறியா?"

விளம்பரத்தை விரட்டுவது மேடம் வரை தெரிந்துவிட்டதா! ரோதெலுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"ராத்திரி பகலா யோசிச்சது மேடம். இனிமே எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான்."

மேடம் பெருமூச்சு விட்டார். "சரிப்பா. உன் இஷ்டம்."

வெள்ளிக்கிழமை மதியம் விருந்து. ரோதெல் இறக்கிய இசைக்கு மேடம் பாடினார். இரண்டாவது அடியிலேயே குரல் உடைந்தது. பாட்டு அப்படி உருக்குகிறது என்று ரோதெல் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினான். மேடம் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

ஐந்து மணி ஆயிற்று. யாரும் கூப்பிடவில்லை. வாசல் காவலர் பெர்த்திங்கிடம் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தான்.

"பாட்டெல்லாம் தேடிக் குடுத்தேண்ணே. இருக்கியான்னு மேடம் ஒரு வார்த்தை கேக்கலையே."

பெர்த்திங் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேக்கலையா? நிரந்தரமாச் சேரச் சம்மதமான்னு தலைமை ஆபீஸ்லேருந்து புதன்கிழமையே உன் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வெச்சாங்க. நீ சம்மதம்னு சொல்ற வரைக்கும் மூணு நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டுக்கிட்டே இருக்கச் சொன்னதும் அவங்கதான். என்கிட்ட சொல்லி அழுதுட்டே போறாங்க. வேண்டாம்னா ஒரு தடவை சொன்னாப் பத்தாதா தம்பி, முந்நூத்தித் தொண்ணூறு தடவையா சொல்லணும்?"