பிறவிக் கணக்கு

உலகம் இதுவரை கண்ட கல்விச் சீர்திருத்தங்களிலேயே தலையாயது மதுரை ஆனையூரில், எங்கள் பள்ளியின் முதல்வர் அறையில் பிறந்தது. அந்த முதல்வர் நான்தான் என்று சொல்லத் தன்னடக்கம் தடுக்கிறது. ஆகவே ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

என் கண்டுபிடிப்பு எளிமையானது. ஒரு பிள்ளைக்கு என்ன வரும் என்று அறியத் தேர்வு எதற்கு? அப்பா யார், ஊர் எது என்று கேட்டால் போதாதா? இதற்குப் 'பிறவித்திறன் மேம்பாட்டுத் திட்டம்' என்று பெயரிட்டு, ஆசிரியர்களிடமிருந்தே தொடங்கினேன். பாக்கியமேரி டீச்சர் கணிதத்தில் முதுகலை. ஆனாலும் கிறிஸ்தவர், மிஷன் பள்ளியில் படித்தவர். ஆகவே அவரிடம் ஆங்கிலத்தை ஒப்படைத்தேன்.

"சார், நான் படிச்சது மேத்ஸ்."

"அது படிச்சது டீச்சர். இங்கிலீஷ் உங்களுக்குப் பிறப்புலயே இருக்கு."

"எங்க வீட்டுல ஜெபமே தமிழ்லதான் பண்ணுவோம் சார்."

என்ன அடக்கம்!

அடுத்து பத்தாம் வகுப்பு. கோயில் அர்ச்சகர் விஸ்வேஸ்வரனின் மகள் மாதங்கியைக் 'கணித மேதைகள் அணி'க்குத் தலைவியாக்கினேன். அவளுடைய மதிப்பெண்ணைப் பார்த்துத் திட்டத்தை அவமதிக்க நான் விரும்பவில்லை. பள்ளி முடிந்ததும் ஒரு டியூஷன், அது முடிந்ததும் இன்னொன்று. தேர்வு நாட்களில் காலைச் சாப்பாட்டை வாந்தி எடுத்தாள். உள்ளே அறிவு இடம்போதாமல் நெருக்குகிறது என்று அவள் வகுப்பாசிரியருக்கு விளக்கினேன்.

பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்த அருண்பாண்டியைக் கபடியில் போட்டேன். பஸ் கண்டக்டர் பேச்சிமுத்துவின் மகன். அந்த மண்ணில் பிறந்தவனுக்கு ரத்தத்தில் ஓடுவதே வீரம்தானே! பையன் தடித்த கண்ணாடி போட்டிருந்தான். கழற்றச் சொன்னேன். கழற்றியதும் நடுக்கோடு தெரியாமல் எதிரணிக்குள் போய், அவர்களோடு வரிசையில் நின்றுகொண்டான். அஞ்சாமை என்றால் அதுவல்லவா அஞ்சாமை!

காலாண்டுத் தேர்வு முடிந்தது. கணக்கில் மாதங்கி முப்பத்தொன்று. அருண்பாண்டி தொண்ணூற்றேழு.

நான் ஒரு நொடிகூடக் கலங்கவில்லை. ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது. விடைத்தாள்களில் கையெழுத்து அவரவருடையதாகவே இருந்தது. சூழ்ச்சி எவ்வளவு ஆழமானது என்பதற்கு அதுவே சாட்சி. பையனைக் கூப்பிட்டேன்.

"யாரப் பாத்துடா எழுதுன?"

"யாரையும் பாக்கல சார்."

"மாதங்கியப் பாத்தியா?"

"அவளப் பாத்து எழுதியிருந்தா எனக்கும் முப்பத்தொண்ணுதான சார் வந்திருக்கும்?"

இவ்வளவு நுட்பமாக வாதாடுகிறவன் குற்றமற்றவனாக இருக்க வாய்ப்பே இல்லை. இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து மறுதேர்வு நடத்த உத்தரவிட்டேன். புதிய கேள்வித்தாள். பாக்கியமேரி டீச்சர் மேற்பார்வை. மாதங்கிக்கு இருபத்தொன்பது, அவனுக்குத் தொண்ணூற்றெட்டு.

"சார், அந்தப் பையனுக்குக் கணக்கு நல்லா வருது. இந்தப் பிள்ளைக்கு வரல. அம்புட்டுத்தான்" என்றார் டீச்சர்.

அம்புட்டுத்தான் என்றால் பள்ளிக்கு முதல்வர் எதற்கு?

பெற்றோரை வரவழைத்தேன். முதலில் விஸ்வேஸ்வரன் மகளோடு வந்தார். உட்காருவதற்குள் புலம்பத் தொடங்கினார்.

"எங்காத்துல கணக்கு வராதவான்னு யாருமே இல்ல சார். கோயிலுக்கு வரவாள்லாம், குருக்கள் பொண்ணு சென்டம்தானேன்னு கேக்கறா. நான் என்ன பதில் சொல்றது?"

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்கி தலையைத் தூக்கினாள்.

"அப்பா, நீங்களே பத்தாவது கணக்க மூணு தடவ எழுதினேளாமே. அம்மா சொன்னா."

விஸ்வேஸ்வரன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். "அது... அப்போ சிலபஸ் கஷ்டம்."

"எனக்கு எதுவுமே பிரமாதமா வராது சார்" என்று அவள் என்னிடம் திரும்பினாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "கணக்குல பாஸானாப் போதும். நான் சும்மா ஒரு சாதாரணப் பொண்ணா இருக்கக் கூடாதா?"

இப்படி ஒரு பேராசையை நான் கேட்டதே இல்லை. உடனே மூன்றாவது டியூஷனுக்குப் பரிந்துரைத்தேன். விஸ்வேஸ்வரன் என்னைப் பார்க்கவில்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் தலையில் கைவைத்தார்.

"வேண்டாம் சார். இருக்கறதையும் நிறுத்திடறேன். ராத்திரி தூங்கவே மாட்டேங்கறா."

அப்பாவும் மகளும் எழுந்து போய்விட்டார்கள். அன்றிலிருந்து மதிய இடைவேளையில் பாக்கியமேரி டீச்சர் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ஓர் ஆங்கில ஆசிரியை! தப்பாகப் போட்டால் இருவரும் சேர்ந்து சிரித்தார்களாம். ஒழுங்கு நடவடிக்கை எடுக்க நினைத்தேன், பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

அடுத்து பேச்சிமுத்து வந்தார். சீருடையோடு நின்றபடியே கேட்டார்.

"எம்மவன் என்ன சார் தப்புப் பண்ணான்?"

"தொண்ணூத்தெட்டு வாங்கிட்டான்."

"அது தப்பா?"

"மத்தவங்களுக்கு இல்ல. அவனுக்குத் தப்பு."

அவர் அங்கேயே மகனின் மாற்றுச் சான்றிதழைக் கேட்டார். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அருண்பாண்டி வாசலில் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணையும் துடைத்த மாதிரி இருந்தது. வீரனுக்கு அழகல்ல என்று எடுத்துச் சொல்லித்தான் அனுப்பினேன். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஏதோ ஓர் அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள்.

மே மாதம் பொதுத்தேர்வு முடிவு வந்தது. மாதங்கி கணக்கில் நாற்பத்தேழு. ஏதோ மாநிலத்திலேயே முதலிடம் வந்தவளைப் போலப் பள்ளி முழுக்கச் சாக்லேட் கொடுத்தாள். விஸ்வேஸ்வரனும் கூடவே வந்து, "பொண்ணு பாஸாயிட்டா" என்று காவலாளியிடம்கூடச் சொன்னார்.

மாலையில் பேச்சிமுத்து மிட்டாய்ப் பெட்டியோடு வந்தார். பையன் கணக்கில் நூற்றுக்கு நூறு.

"மறுதேர்வு வச்சாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லையே சார்."

"யாரும் சந்தேகப்படக்கூட இல்லையா?"

"எப்படிச் சார் படுவாங்க? பொதுப் பரீட்சையில பேரு இருக்குற தாள முதல்லயே பிரிச்சு எடுத்துட்டுத்தான் திருத்துவாங்களாம். எம்மவன் யாரு, எந்த ஊருன்னு அவங்களுக்கு எங்குட்டுத் தெரியும்? மிட்டாய் எடுத்துக்கங்க சார்."

எனக்கு மிட்டாய் இறங்கவில்லை. அன்றே அரசுக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். நம் தேர்வு முறையில் இப்படி ஓர் ஓட்டை இருப்பதை இத்தனை காலமாக யாருமே கவனிக்கவில்லையா? யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியாமல் திருத்தினால், அப்புறம் பிள்ளைகள் எழுதியதற்குத்தானே மதிப்பெண் கிடைக்கும்!