தெப்பத்தில் வந்த வம்சம்

திருவண்ணாமலையில் ஒரு குழந்தை எல்கேஜியில் சேர வேண்டுமென்றால், அதற்கு மூன்றரை வயதும் ஏழு தலைமுறையும் நிரம்பியிருக்க வேண்டும். செங்கம் ரோட்டில் புதிதாக முளைத்த குளோபல் பள்ளியின் விதி அது. வேர் தெரியாத பிள்ளைக்கு ஏ பி சி டி ஏறாது என்பது அவர்களுடைய ஆராய்ச்சி முடிவு.

இதைப் படித்ததிலிருந்து சிந்துஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. மகன் பிரகாஷுக்குச் சீட்டு கிடைக்காமல் போனால்? பக்கத்து வீட்டுத் தேவிப்ரியாவின் பெண் யூனிஃபார்மோடு வேனில் ஏற, இவன் மட்டும் வாசலில் நின்று டாட்டா காட்டினால்?

பள்ளி கருணை கூர்ந்து 'வம்ச வரலாறு எழுதும் வழிகாட்டி' என்ற தடித்த ஆங்கிலப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னது. ஏதோ ஒரு குளிர் நாட்டில் அச்சானது. சிந்துஜா கான்வென்ட்டில் படித்தவள். வழவழப்பான தாளில் ஆங்கிலத்தில் இருப்பது தப்பாகவும் இருக்கலாம் என்று அங்கே யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

வழிகாட்டி முதலில் மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னது. பிறகு குடும்பச் சின்னம் பொறித்த கேடயத்தைத் தேடச் சொன்னது. அவள் புருஷன் கோபி பரண் மேல் ஏறி, ஓட்டை அண்டா ஒன்றை இறக்கினான்.

"இதுல எங்கப்பா பேரு வேடியப்பன்னு வெட்டியிருக்குது. கேடயம்னு எழுதிக்க."

மூன்றாம் அத்தியாயத்தில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். 'உங்கள் மூதாதையர் எந்தக் கப்பலில் வந்து இறங்கினார்கள்? இவ்விடம் காலியாக விடப்பட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.'

"ஏங்க, உங்க ஆளுங்க எதுல வந்தாங்க?"

"பக்கத்துல இருக்குற அடி அண்ணாமலை கிராமத்துலருந்தா? டவுன் பஸ்லதான். எங்கப்பா மட்டும் மாட்டு வண்டி."

"விளையாடாதீங்க. கப்பல் பேரு கேக்குறாங்க."

"இந்த ஊர்ல கப்பலுக்கு எங்க போவேன்? தீபம் முடிஞ்சா ஐயங்குளத்துல சந்திரசேகரர் சாமிய ஏத்தித் தெப்பம் விடுவாங்க. அதான் நம்ம கப்பல். எழுதிக்க, போ."

பயந்து கிடப்பவளுக்குக் கிண்டல் காதில் ஏறுமா? எழுதியேவிட்டாள். கப்பல்: தெப்பம். துறைமுகம்: ஐயங்குளம். கேப்டன்: சந்திரசேகரர்.

பள்ளி நிர்வாகம் அளவற்ற மகிழ்ச்சி அடைந்தது. 'போற்றுதலுக்குரிய கடல்வழிப் பாரம்பரியம்' என்று குறிப்பெழுதியது. விஷயம் அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பரவியது. அந்த வருஷத்து எல்கேஜி மொத்தமும் அதே தெப்பத்தில் வந்து இறங்கியது. தெப்பம் தாங்கியதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு சின்னச் சம்பிரதாயம் பாக்கி இருந்தது. பிள்ளை இந்த ஊர்க்காரன்தான் என்று நேட்டிவிட்டி சான்று வேண்டும். அதைத் தரவேண்டிய அதிகாரி அருணகிரி, வம்ச வரலாற்றை முழுக்கப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, நீங்க இந்த ஊரே இல்லியே. கப்பல்ல வந்தோம்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"சார், அது தெப்பம். நம்ம ஐயங்குளத்துத் தெப்பம்."

"எதுவா இருந்தா இன்னாம்மா? வந்தீங்களா, இல்லியா? வந்தவங்கன்னா வெளியூர்தான்."

"அப்போ உங்க பேத்தி அபிநயாவும் வெளியூர்தான் சார். உங்க மருமக என்னோடத பார்த்துதான் எழுதினாங்க."

அருணகிரி விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஒரு வழி இருக்குது. கேப்டன் உள்ளூர்னா, ஏறி வந்தவங்களும் உள்ளூர்தான். அவரோட வம்ச வரலாறு ஒண்ணு எழுதி இணைச்சுடுங்க."

"சார், கேப்டன் சாமி!"

"சாமிக்குன்னு தனி விதி இல்லம்மா. அப்பா பேரு?"

"அவருக்கு ஏது சார் அப்பா? அடியுமில்ல, முடியுமில்ல. பிரம்மாவும் விஷ்ணுவும் இந்த ஊருக்கே வந்து தேடியும் கிடைக்கலியே."

"பாவம், அவங்க கையில வழிகாட்டி இருந்திருக்காது," என்றார் அருணகிரி.

வழிகாட்டியின் கடைசி அத்தியாயம் அதற்கும் வழி வைத்திருந்தது. 'தகவல் கிடைக்காத இடங்களில், உடன் பயணித்த குடும்பத்தின் விவரங்களைக் கொண்டு நிரப்புக.' பிரகாஷ் வேனில் ஏறுவதை மனதில் நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சிந்துஜா நிரப்பினாள். தகப்பனார் பெயர்: வேடியப்பன். குடும்பக் கேடயம்: அண்டா.

சான்று கைக்கு வந்தது. எல்லா அம்மாக்களும் அப்படியே தத்தம் வீட்டு விவரத்தைக் கொண்டு நிரப்ப, எல்லாருக்கும் வந்தது. அடி முடி இல்லாதவருக்கு ஒரே வாரத்தில் வகுப்பு நிறைய அப்பாக்கள். அத்தனையும் முத்திரையோடு.

அப்புறம்தான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. 'தகப்பனார் பெயர்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதால், கேப்டன் சந்திரசேகரர் வெளியூர்க்காரராகக் கருதப்படுவார். பயணிகளுக்கு ஏற்கெனவே வழங்கிய சான்றுகள் செல்லும்.'

அந்த வருஷமும் தீபம் முடிந்து ஐயங்குளத்தில் தெப்பம் விட்டார்கள். சான்று பெற்ற உள்ளூர்க்காரர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கரை முழுக்க நெருக்கியடித்து நின்றார்கள். அருணகிரியும் பேத்தியோடு நின்றார். தெப்பம் பக்கத்தில் வந்ததும், சிந்துஜா அந்த வெளியூர்க்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சாமி, யூகேஜிக்குப் பதினாலு தலைமுறை கேக்குறாங்க. நீதான் எப்படியாவது பார்த்துக்கணும்."