வெர்னியர் அக்கா பார்க்காத போல்ட்

ஜெராமிலிருந்து தஞ்சோங் காராங் வரைக்கும் வெர்னியர் அக்காவின் நேர்முகத் தேர்வுக்கு வராத போல்ட் ஒன்றுகூடக் கிடையாது. வந்ததில் பாதி ஃபெயில்.

புக்கிட் ரோத்தானில் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு இயந்திரம் செய்து கொடுக்கும் பட்டறை எங்களுடையது. மாடிக் கதவில் ‘வரைபடப் பிரிவு’ என்று பெரிதாக எழுதியிருக்கும். பிரிவு என்றால் அக்காவும் நானும்தான். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதை நான் பார்த்ததில்லை. கைப்பையில் பைபிளுக்குப் பக்கத்திலேயே வெர்னியர் என்கிற அளவுகோலையும் வைத்திருப்பார். ஒருநாள் தேநீர் நேரத்தில் இரண்டு உளுந்து வடைகளை அதில் அளந்து பார்த்துவிட்டு, “மூணு மில்லி வித்தியாசம் லா. எப்படி ஒரே விலை?” என்று கடைக்காரரை மடக்கினார். அன்றிலிருந்து அந்தக் கடையில் எங்களுக்குப் பெரிய வடைதான்.

இயந்திரம் வரைகிற மென்பொருளில் லைப்ரரி என்று ஒன்று இருக்கிறது. போல்ட், நட்டு, வாஷர், பேரிங் என ஆயிரக்கணக்கான பாகங்களை உலகத் தர அளவுகளில் தயாராக வரைந்து வைத்திருப்பார்கள். வேண்டியதை இழுத்துப் படத்தில் போட்டால் வேலை முடிந்தது. ஊர் உலகமெல்லாம் அப்படித்தான் போடுகிறது. அக்கா மட்டும் போட மாட்டார்.

“போட்டோவைப் பாத்தே பொண்ணு கட்டிக்குவியா தம்பி? நேர்ல ஒரு வாட்டி பாக்க வேணாம்?”

அதனால் சனிக்கிழமைதோறும் போல்ட் பார்க்கும் படலம். மோட்டார் சைக்கிளில் ஒவ்வொரு கடையாகப் போவார். பெட்டியைத் திறக்கச் சொல்லி, தலையை அளந்து, மரையை அளந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். புக்கிட் ரோத்தான் கடை முதலாளியைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம்; எஸ்டேட் ஆட்களோடு பழகித் தமிழ் கற்ற சீனக் கிழவர். அவரே ஒருநாள் பொறுக்க முடியாமல், “அக்கா, இது போல்ட்டு லா! தங்கம் இல்லே!” என்று கத்திவிட்டார்.

தேறிய பாகங்களை மட்டும் வைத்து அக்கா ஒரு குட்டி லைப்ரரி கட்டியிருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பு. ‘தவுக்கே கடை, மூணாவது தட்டு, துரு பார்த்து எடுக்கவும்.’ ‘ஜெராம் கடை. கேட்டால் இல்லை என்பார். உள்ளே இருக்கிறது.’ கடைகளில் வருவது நின்றுபோன பாகங்களுக்குத் தனி ஃபோல்டர். அதன் பெயர் ‘காலஞ்சென்றவர்கள்’.

எனக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. கேட்டேவிட்டேன்.

“ஆலையிலே மிஷின் நின்னு போச்சுன்னா ஃபிட்டர் எங்க ஓடுவான்? கிட்ட இருக்கிற கடைக்குத்தானே? அங்க இல்லாத போல்ட்ட நான் படத்துல போட்டா, அவன் என்னைத்தான் திட்டுவான். எங்கப்பாவும் ஃபிட்டர்தான் தம்பி. அந்தத் திட்டு எனக்குத் தெரியும்.”

பாஸுக்கு அந்தத் திட்டு தெரியாது. படம் தாமதமாகிறது என்ற திட்டு மட்டும் தெரியும். பக்கத்து ஆலையிலிருந்து கன்வேயர் மூடிகளுக்கு ஆர்டர் வந்தபோது மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

“மொத மூடி சரியா உக்காந்தா மிச்ச மூடியெல்லாம் நமக்குத்தான். இந்த வாரம் படம் வரலன்னா, வரையுற வேலைய ஷா ஆலாம் கம்பெனிக்குக் குடுத்துருவேன். மேல ரெண்டு கம்ப்யூட்டர் எதுக்கு?”

இரண்டு கம்ப்யூட்டர் போனால் இரண்டு நாற்காலியும் போகும். அக்கா வேறொரு வேலையில் மூழ்கியிருக்க, நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். மென்பொருளோடு வந்த பெரிய லைப்ரரியைத் திறந்து, பன்னிரண்டு மில்லி போல்ட்டை எடுத்து, மூடியைச் சுற்றிப் பதினாறு இடத்தில் போட்டேன். பிரமாதமாக இருந்தது.

சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அக்கா. பேனாவைத் திறந்தவர் நிறுத்தினார்.

“போல்ட்ட எங்க பாத்த?”

“தவுக்கே கடையிலக்கா.”

“அளந்தியா?”

“அளந்தேன்.”

என் வாழ்க்கையில் நான் சொன்ன சுத்தப் பொய்களில் அது ஒன்று. அக்கா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பட்டறையில் முதல் மூடி தயாரானது. ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை. அன்றே மாட்டி முடித்தாக வேண்டும்; திங்கட்கிழமை காலையில் பழ லோரிகள் வரிசை கட்டிவிடும். மதியம் பார்த்தால் மூடி உட்கார்ந்திருக்கிறது, போல்ட்டும் இறங்கியிருக்கிறது, ஆனால் முடுக்க முடியவில்லை. லைப்ரரி போல்ட்டின் தலை பதினெட்டு மில்லி. நம் பக்கத்துக் கடைகளில் விற்கும், நாங்கள் வாங்கி வந்திருந்த அதே போல்ட்டின் தலை பத்தொன்பது. இரண்டுமே சரியான போல்ட்தான், இரண்டு வேறு தரம். நானோ பதினெட்டாம் நம்பர் ஸ்பேனருக்கு மட்டும் இடம் விட்டு மூடியின் விளிம்பை வரைந்திருந்தேன். பத்தொன்பது ஸ்பேனர் அந்த விளிம்பில் இடித்துக்கொண்டு நின்றது. பதினெட்டுத் தலை போல்ட்டுக்கு நான் போன் போட்ட கடையெல்லாம் ஞாயிறு அடைப்பு.

“நாலு மணிக்குள்ள முடியலன்னா பழைய மூடியையே மாட்டிட்டுப் போயிருங்க,” என்றார் ஆலை இன்ஜினியர். “யாரு இந்தப் படத்தைச் செக் பண்ணது?”

“நான்தான்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் போனில் அழாத குறையாகக் கூப்பிட்டதில், அக்கா சர்ச்சிலிருந்து பட்டுச் சேலையோடு நேராக வந்திருந்தார். “தப்பு என்னோடது.”

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

வெர்னியரை எடுத்து இடைவெளியை அளந்தார். “ஒரு மில்லிதான் குறையுது. ஸ்பேனரக் குடுங்க.” முந்தானையை இடுப்பில் செருகி, கண்ணாடியை மாட்டி, ஆலையின் சாணைக்கல்லில் பத்தொன்பதாம் நம்பர் வளைய ஸ்பேனரின் வெளிப்புறத்தைத் தேய்த்தார். பட்டுச் சேலையைச் சுற்றித் தீப்பொறி பறந்தது. தேய்ப்பார், அளப்பார், தண்ணீரில் முக்குவார், மறுபடி தேய்ப்பார். பிறகு அவரே முதல் போல்ட்டை முடுக்கினார். ஸ்பேனர் அல்வா மாதிரி உள்ளே இறங்கியது. மூன்றரைக்குப் பதினாறும் ஏறிவிட்டன.

இன்ஜினியர் மூடியைத் தட்டிப் பார்த்தார். “மிச்ச மூடிக்கு விளிம்பத் தள்ளி வரைஞ்சிருங்க. போல்ட்டு இங்க கடையில கிடைக்கிறதாவே இருக்கணும்.”

“அப்படிப்பட்ட போல்ட்டு மட்டும்தான் சார் எங்க லைப்ரரியில இருக்கு,” என்றேன் நான், என்னமோ நானே கட்டிய லைப்ரரி மாதிரி. நெஞ்சு அப்படி நிமிர்ந்திருந்தது. வெட்கம் கெட்ட பெருமை, ஆனால் பெருமைதான்.

கிளம்பும்போது அக்கா சேலையிலிருந்த இரும்புத்தூளைத் தட்டிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார். “தவுக்கே கடையில எந்தத் தட்டுல பாத்த தம்பி?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“சரி. சனிக்கிழம வா. ரெண்டு பேரும் போயிப் பாப்போம்.”

அவ்வளவுதான். பாஸிடமும் சொல்லவில்லை, தவுக்கேயிடமும் சொல்லவில்லை, என்னிடமும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ‘வரைபடப் பிரிவு’க் கதவு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. எங்கள் படங்கள் இப்போது நாலைந்து ஆலைகளுக்குப் போகின்றன. என்னையே சரிபார்த்துக் கையெழுத்துப் போடும்படி பாஸ் எப்போதோ சொல்லிவிட்டார். இருந்தாலும் அக்கா லீவில் இருக்கிற நாளில் படம் என் மேசையிலேயே காத்திருக்கும். அவர் பார்க்காத படத்தைப் பட்டறைக்கு இறக்க எனக்கு மனசு வருவதில்லை.