பாய்லர் சத்தியம்

இருபது வருஷம் ஜெர்மனியில் இருந்துவிட்டுத் திருவண்ணாமலைக்குத் திரும்பி, எண்பது வயது வீடு ஒன்றை வாங்கினேன். எல்லாம் இருந்தது. உள்ளே பாத்ரூம் மட்டும் இல்லை. உடனே தீர்மானித்தேன்: வீட்டின் வயசுக்கு ஏற்ற பாத்ரூம். செம்பு பாய்லர், பித்தளைக் குழாய், சிவப்பு சிமென்ட் தரை. இந்த வீட்டுக்குப் போய் ஷவரும் டைல்ஸும் வைப்பது கொள்ளுத்தாத்தாவுக்குக் கூலிங்கிளாஸ் மாட்டுவது மாதிரி.

படுக்கையறையை ஒட்டிய சின்ன அறைமேல் எனக்குக் கண். என் மனைவி தென்றலுக்கும்.

"ஒரு கீசர் வெச்சா இன்னா கெட்டுப்போச்சு?"

"இந்த வீடு கட்டினப்போ கீசர் ஏது?"

"அப்போ இல்லாதது எதுவும் வேணாமா?"

"வேணாம்."

"மழை, குளிருன்னு அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"ஆயுசுக்கும் அந்தக் காலத்து மாதிரிதான் குளிப்பேன்!" ஜன்னலில் தெரிந்த மலையை நோக்கிக் கையை நீட்டினேன். "அண்ணாமலையார் மேல சத்தியம்!"

அவள் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மேஸ்திரி வல்லரசு வந்ததும் சின்ன அறையைக் காட்டினேன்.

"இருங்க," என்றாள் தென்றல். "அந்தக் காலத்துல படுக்கிற ரூமாண்ட யாருங்க குளிச்சாங்க?"

எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். கிணற்றோரம் மார்பளவுச் சுவர். நடுவில் ஒரு கல்.

"இதாங்க அசல்."

"கூரை?" என்றேன்.

"அப்போ ஏதுங்க கூரை?"

வல்லரசு இருமுவதுபோல் சிரித்தார்.

கிணற்றோரமே கட்டி முடித்தோம். செம்பு மின்னியது. தரை சிவந்தது. அதே வாரம் சின்ன அறைக்குள் கீசர் போனது. பின்னாலேயே ஷவர்.

"இது அப்போ இல்லையே!"

"சத்தியம் பண்ணது நீங்க. நானா பண்ணேன்?"

பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த அவளுடைய கீழ்பென்னாத்தூர் சொந்தம் மொத்தமும் என் பாத்ரூமில் செல்ஃபி எடுத்துக்கொண்டது. "சூப்பர் மாமா!" என்றது. உள்ளே போய் ஷவரில் குளித்தது.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு கையில் பாய்லருக்குக் குடை, மறு கையில் நெருப்புக்கு விசிறி. புகை வந்தது, வெந்நீர் வரவில்லை. துண்டோடு சின்ன அறைக் கதவுவரை நழுவிவிட்டேன்.

"ஏங்க?"

தென்றல் தலை துவட்டிக்கொண்டு நின்றாள். ஆவி பறந்தது. கண்ணால் ஜன்னலைக் காட்டினாள்.

திரும்பி வந்து கல்லில் உட்கார்ந்தேன். சுவருக்கு மேலே அண்ணாமலையாரும் நனைந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கென்ன, அக்கினி ரூபம். குளிராது.