ஃபிரிட்ஜுக்குள் வேலி அடைத்தவர்

லண்டனில் நான் பார்க்காத ரகத் தமிழர் இல்லை. கோடைகாலத்திலும் கம்பளிக் குல்லாவைக் கழற்றாதவரைப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் டிரைவருக்கு விபூதி நீட்டியவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஃபிரிட்ஜுக்குள் வேலி அடைத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஃபாரஸ்ட் கேட் என்ற பகுதியில், எங்கள் வீட்டு மேலறையில், வாடகைக்கு இருந்தார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதை வாடகைப் பத்திரத்தில் ஒரு தடவை பார்த்ததோடு சரி. எங்களுக்கு, தெருவுக்கு, அவர் வேலை செய்த பெற்றோல் செட்டுக்கு, எல்லோருக்கும் அவர் வேலியர்.

எண்பதுகளில் வீடு வாங்கிய எல்லோரையும் போல நானும் என் கணவரும் கடன் கட்ட முடியாமல் ஓர் அறையை வாடகைக்கு விட்டோம். வேலியர் வந்த முதல் வாரமே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு நடுவே சணல் நூல் ஒன்றை இழுத்துக் கட்டிவிட்டார். இடது பக்கம் அவருடையது, வலது பக்கம் எங்களுடையது. இது என்ன கூத்து என்று கேட்டேன். "பிரச்சினை வரமுதல் எல்லையைப் போட்டிட வேணும் தங்கச்சி. வந்தாப்பிறகு போட்டால் அது சண்டை" என்றார்.

தன் அங்குலத்தை விடமாட்டார். அதே சமயம் அடுத்தவனின் அங்குலத்தையும் தொடமாட்டார். என் தக்காளி ஒன்று நூலுக்குக் கீழால் உருண்டு அவர் பக்கம் போய்விட்டால், அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, நான் வேலைக்கு ஓடும் அவசரத்தில் இருந்தாலும் வாசலில் மறித்து ஒப்படைப்பார். நான் தக்காளியோடு ரயில் ஏறிய நாட்களும் உண்டு.

ஒருநாள் பின்வளவில் அளவுநாடாவோடு நின்றார். பக்கத்து வீட்டு ஐரிஷ்காரக் கிழவரின் வேலி எங்கள் பக்கம் நாலு விரல் வந்திருக்கிறதாம். நேரே போய்க் கதவைத் தட்டிவிட்டார். கிழவர் இவரைக் கவுன்சில் ஆள் என்று நினைத்துத் தேநீர் கொடுத்து உபசரித்து, சரி செய்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். எங்களுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். அடுத்த வாரம் வேலியர் மறுபடி அளந்து, எங்களுடைய தோட்டக் கொட்டில் கிழவரின் பக்கம் ஒரு சாண் போயிருப்பதைக் கண்டுபிடித்து, அதையும் தானே போய்க் கிழவரிடம் சொல்லிவிட்டு வந்தார். என் கணவர் அன்றைக்கே அவரை வீட்டை விட்டு அனுப்பப் பார்த்தார். நான்தான் அடுத்த மாத வாடகை வரட்டும் என்று தடுத்தேன்.

இந்த வியாதி அவருக்கு ஊரிலேயே பிடித்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வேலிகள் உயிருள்ள வேலிகள். கதியால்கள் என்று நாங்கள் நடுகிற பச்சைத் தடிகள் வேர்விட்டு வளரும். வருடா வருடம் வேலி அடைக்கும்போது ஒரு கதியாலைப் பிடுங்கி இரண்டு விரல் தள்ளி நட்டால் போதும், இரண்டு குடும்பம் பத்து வருடம் கோர்ட்டுக்கு அலையும். வேலியருக்கும் பக்கத்துக் காணியில் இருந்த அவருடைய சொந்த அண்ணனுக்கும் அப்படித்தான் நடந்தது. வழக்கில் வேலியர் வென்றார். வென்று, எறும்பும் நுழையாதபடி வேலியை அடைத்துவிட்டு, அண்ணனோடு ஒரு வார்த்தை பேசாமல் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். அதன் பிறகு ஊருக்கு எழுதிய கடிதங்களிலும் வேலி, மனைவி கொழும்புக்கு வந்து போன் எடுத்தாலும் முதல் கேள்வி வேலி. "வேலி நல்லா இருக்கு" என்று அந்த மனுசி சொன்ன பிறகுதான் மற்றக் கதை.

அவருக்கு வதனி என்று ஒரு மகள். அவர் லண்டனுக்கு வெளிக்கிட்டபோது அவள் மடியில் இருந்த குழந்தை. தாயின் விசா இழுபட, பிள்ளையின் விசா முதலில் வந்துவிட்டது. பத்து வயதில், தெரிந்த ஒருவரோடு லண்டன் வந்து இறங்கினாள். தகப்பனின் ஒற்றை அறைக்கு எப்படி அனுப்புவது என்று லண்டனின் இன்னொரு மூலையில், நோர்பரியில் இருந்த தாயின் அக்கா, அவளுடைய பெரியம்மா, தன் வீட்டில் வைத்துக்கொண்டார். வேலியர் ஞாயிறுதோறும் இரண்டு ரயில் மாறி அங்கே போவார். பிள்ளை அவரோடு பேசாது. தண்ணீர் வேண்டுமா என்று அவர் கேட்டால், பெரியம்மாவிடம் போய், "வேண்டாமெண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ" என்னும்.

இதற்கிடையில் வேலியர் மகளுக்காக எங்களிடம் மேலே இருந்த மற்ற அறையையும் வாடகைக்கு எடுத்து, கட்டில் போட்டு, ரோஜாப்பூத் திரைச்சீலையும் தொங்கவிட்டிருந்தார். வதனி ஒரு தடவை வந்து பார்த்தாள். அறையைப் பார்த்தாள், ஃபிரிட்ஜுக்குள் இருந்த நூலையும் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பெரியம்மா வேலியரிடம் நேராகச் சொன்னார். "கோடை லீவிலை எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ. திரும்பி வந்து பிள்ளை உங்களோடை வர விரும்பினால் நான் மறிக்க மாட்டன். இல்லையெண்டால் அவள் இஞ்சையே இருக்கட்டும். இனி இதைப் பற்றிக் கதைக்கக்கூடாது."

வேலியர் வாழ்க்கையில் முதல் தடவையாக லீவு கேட்டார். பெற்றோல் செட் முதலாளி அவருக்கு உடம்புக்கு ஏதும் வருத்தமோ என்று விசாரித்தாராம். டெவன் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு பண்ணை வீட்டில் இரண்டு அறைகள் எடுத்தார். துணைக்கு ஒரு பெண் வேண்டும், கார் ஓட்டவும் ஆள் வேண்டும். மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் எடுத்துப் பெருமையில் மிதந்துகொண்டிருந்த நான் இரண்டுக்கும் அகப்பட்டேன்.

ரைஸ் குக்கர், மிளகாய்த்தூள் போத்தல், இரண்டு போர்வை, ஒரு பை வடை, பிட்டுப் பார்சல் என்று வீட்டில் பாதியை ஏற்றினார். போகிற வழியெல்லாம் மடியில் வரைபடம். நான் எந்த வளைவில் திரும்பவேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு மாவட்டமும் முடிகிற இடத்தை மட்டும் தவறாமல் அறிவித்தார். டெவனின் எல்லைப் பலகையைக் கண்டதும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப்போய், நல்ல உறுதியாக நட்டிருக்கிறார்கள் என்று தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வதனி பின் சீட்டில் எனக்கு நேர் பின்னால் ஒட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள்.

மறுநாள் காலை நடக்கப் போனோம். பண்ணை வீட்டு அம்மா காட்டிய பாதை, பக்கத்துப் பண்ணைக்காரனின் வயலுக்கு நடுவால் போயிற்று. பொதுப் பாதை என்று பலகையும் இருந்தது. வேலியர் பலகையை இரண்டு தடவை வாசித்துவிட்டு அசையாமல் நின்றார்.

"ஆரோ ஒருத்தரின்ரை காணி. கேக்காமல் எப்படி உள்ளிடுறது?" என்றார்.

பலகை இருக்கிறதே என்றேன். பலகையை யாரும் நடலாம், காணிக்காரன் சொல்லவேண்டும் என்றார். எங்களை அங்கேயே நிறுத்திவிட்டு, ரோட்டால் சுற்றிப் போய்க் காணிக்காரனின் வீட்டைத் தேடிப் பிடித்து, வெறுங்கையோடு போகக்கூடாதென்று வடைப் பொட்டலத்தையும் நீட்டியிருக்கிறார். பண்ணைக்காரன் இவர் வடை விற்க வந்தவர் என்று நினைத்து வேண்டாம் என்றிருக்கிறான். பிறகு காணி வாங்க வந்தவர் என்று நினைத்து விற்பதாக இல்லை என்றிருக்கிறான். கடைசியில் விஷயம் விளங்கியதும், காணி என்னுடையதுதான், ஆனால் நீ நடப்பதைத் தடுக்க எனக்கு அதிகாரமில்லை, பாதையை மறித்து வேலி போட்டால் என்மேல்தான் வழக்கு வரும் என்று சொல்லி, வடையில் ஒன்றைத் தின்று பார்த்துவிட்டு மிச்சத்தையும் வாங்கிக்கொண்டானாம்.

வேலியர் பேயடித்தவர் போலத் திரும்பி வந்தார். அன்றைக்கு நடக்கவேயில்லை. "வேலி போட்டால் காணிக்காரனுக்கு மேலை வழக்கோ?" என்று பிட்டைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு மூன்று தடவை கேட்டார். பாவம், ஆயுசு முழுவதும் கட்டியதை யாரோ வந்து உலுப்பிவிட்டதுபோல இருந்தது. அடுத்த நாள் முழுக்க மழை. தகப்பனும் மகளும் ஆளுக்கொரு ஜன்னலால் ஒரே மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான் ஊமைப்படம் பார்த்துக்கொண்டிருந்தேன். போகவேண்டிய நாளும் நெருங்கியது. இந்த மனிதர் வெறுங்கையோடுதான் ஃபாரஸ்ட் கேட்டுக்குத் திரும்பப் போகிறார் என்று நினைத்தேன்.

கடைசிநாள் வெயில் எறித்தது. பாதையால் போவோம் என்று வேலியரே சொன்னார். ஆனாலும் வயலின் ஓரமாக, பயிர் மிதிபடாமல், வேலியோடு ஒட்டி ஒட்டித்தான் வந்தார். வயல் முடிகிற இடத்தில் மரவேலி. ஏறிக் கடப்பதற்கு அதில் இரண்டு பலகைப் படி வைத்திருந்தார்கள். முன்னால் ஓடிய வதனி அதைக் கண்டதும், வந்து இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"அன்ரி, எங்கடை வீட்டுக் கடப்பு மாதிரி" என்றாள்.

படலை போட வசதியில்லாத இடத்தில், வேலியில் ஓர் ஆள் புகுந்து போகிற அளவுக்கு இடைவெளி விட்டுவைப்போம். அதற்குத்தான் ஊரில் கடப்பு என்று பெயர்.

"எங்கடை வேலியிலை கடப்பு இல்லையே" என்றார் வேலியர்.

பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தாள். என்னால் என்ன செய்ய முடியும்? படியில் வைத்த காலை எடுத்துவிட்டு, முதல் தடவையாகத் தகப்பனைப் பார்த்துப் பேசினாள்.

"பெரியப்பா வீட்டுப் பக்கம் இருக்கு. நான்தான் வெட்டினனான். அம்மா கத்தி தந்தவ. ஷெல் அடிக்கேக்கை ஓட வேணும். பங்கர் பெரியப்பா வீட்டிலைதானே இருந்தது." பிறகு, "உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு அம்மா சொன்னவ" என்றாள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்தப் பிள்ளைக்குத் தகப்பன்மேல் வெறுப்பு இல்லை. வாயைத் திறந்தால் வேலியை வெட்டின கதை வெளியே வந்துவிடுமோ என்ற பயம்தான். நூல் கட்டின ஃபிரிட்ஜைப் பார்த்தவளுக்கு வேறு என்ன தோன்றும்?

வேலியர் படிப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன், வழக்கு, கோர்ட்டு எல்லாம் இப்போது வரப்போகிறது, நான் குறுக்கே பாயத்தான் வேண்டும் என்று தயாராக நின்றேன்.

"எவ்வளவு அகலம்?" என்று கேட்டார்.

வதனி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். மனிதருக்குப் பழக்கம் விடுமா? தன் கையை நீட்டி, மகளின் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே சாண் போட்டு அளந்தார். ஒன்றரைச் சாண். மறுபடியும் ஒருதரம் அளந்தார்.

"இதுக்குள்ளாலை அம்மா எப்படி வந்தவ?"

"பக்கவாட்டிலை. நான் முதல் போய் இழுக்கிறனான்."

வேலியர் அளந்த கையை எடுக்கவேயில்லை. "காணாது பிள்ளை" என்றார். "இன்னும் ரெண்டு கதியால் பிடுங்கியிருக்கலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. அந்தக் கதியால்கள் ஒவ்வொன்றையும் அவர் எப்படி அளந்து நட்டார் என்று நூறு தடவை கேட்டுக் காது புளித்தவள் நான்.

அதற்கப்புறம் படியேறி அந்தப் பக்கம் இறங்கினோம். அடுத்த வயலிலும் வேலியர் பழையபடி ஓரத்தைப் பிடித்தார். முன்னால் போன வதனி திரும்பி நின்று, "அப்பா, நடுவாலை வாங்கோ. பாதை நடுவாலைதான் போகுது" என்றாள். அவர் பயந்து பயந்து நடுவுக்கு வந்தார்.

நோர்பரியில் பெரியம்மா வாசலிலேயே நின்று, என்ன முடிவு என்று கேட்டார். வேலியர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வதனி விறுவிறென்று மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் தன் தலையணையை அணைத்துக்கொண்டு வந்து காரில் ஏறி இருந்தாள். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுடைய உடுப்புகளை எடுக்கப் போனார்.

மனைவி கொழும்புக்கு வந்து அடுத்த தடவை போன் எடுத்தபோது, வேலியர் வேலியைப் பற்றி விசாரிக்கவில்லை. அண்ணை வீட்டில் எல்லோரும் சுகமோ என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் அந்த மனுசி லைன் வேறு யாருக்கோ மாறிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தியது படிக்கட்டில் நின்ற எனக்கே கேட்டது.

அதற்காக மனிதர் ஒரேயடியாக மாறிவிட்டார் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஃபிரிட்ஜுக்குள் நூல் அப்படியே இருந்தது. மகள் வந்துவிட்டதால் குடும்பம் பெருத்துவிட்டது என்று வாதாடி, அதை எங்கள் பக்கம் மூன்று விரல் நகர்த்தியும் கட்டினார். வாடகையைக் கொஞ்சம் கூட்டித் தந்ததால் நானும் விட்டுவிட்டேன். வதனியின் யோகட் டப்பாக்கள் மட்டும் இரண்டு பக்கமும் இஷ்டத்துக்குக் கிடந்தன. அவற்றை அவர் ஏந்திக்கொண்டு வரவேயில்லை.

மனைவி வந்து சேர்ந்ததும் மூன்று பேருமாகத் தனி வீடு பார்த்துப் போய்விட்டார்கள். போகிற அன்று வேலியர் தன் நூலைத் தானே அவிழ்த்து, சுருட்டி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு நாங்கள் இரண்டு ஃபிரிட்ஜ் மாற்றியாகிவிட்டது. இன்றைக்கும் கீழ்த்தட்டில் இடது பக்கம் நான் ஒன்றும் வைப்பதில்லை. இடம் சும்மாதானே கிடக்கிறது என்று என் கணவர் கேட்பார். அது வேலியரின் காணி, அவரைக் கேட்காமல் எப்படி வைப்பது என்பேன்.